ரெபேக்கா மூட்டிய அடுப்புகள்

மிசூரி ஆற்றுக்கு வடக்கே, மார்தாஸ்வில் என்ற சின்ன ஊருக்கு வெளியே ஒரு மேடு. மேட்டின் மேல் பழைய கல்லறைத் தோட்டம். பெயர் தேய்ந்த கற்கள், பெயரே வெட்டாத கற்கள், நடுவில் ஒரு நினைவுப் பாறை. செயின்ட் லூயிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் அங்கே நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை மகளின் பள்ளிப் பாடத்துக்காகப் போனேன். மற்ற மூன்று முறையும் எனக்காகவே போனேன்.

டேனியல் பூன் என்பவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். கென்டக்கிக்கு வழி திறந்தவர், வேட்டைக்காரர், வெள்ளையரின் குடியேற்றத்தை மலை தாண்டிக் கொண்டுபோன முன்னோடி என்று நூலகப் புத்தகங்களில் இருந்தது. மகள் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, இவரு ரெண்டு வருஷம் காட்டுலயே இருந்தாருன்னு போட்டிருக்கு. அப்ப வீட்ல இருந்தவங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் பக்கத்தை எழுதிக் கொடுத்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். நான்தான் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டேன். கணவரின் வேலைக்காகப் பதினைந்து வருடத்தில் ஆறு வீடு மாறியவள் நான். ஒவ்வொரு முறையும் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி, போன இடத்தில் பிரித்து, முதல் நாளே அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சியவள். அதனால்தானோ என்னவோ, வழி திறந்தவரைவிட அந்த வழியில் சட்டி பானையோடு நடந்தவளைத் தேடத் தொடங்கினேன்.

அவள் பெயர் ரெபேக்கா. பிறந்தது 1739 ஜனவரி 9. வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த பிரையன் குடும்பத்துப் பெண். டேனியல் 1734இல் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வீட்டில் பிறந்தவர். அப்பா நெசவாளர், கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தவர். மூத்த மகன் சபைக்கு வெளியே பெண் எடுத்தபோது அப்பா மகன் பக்கம் நின்றார். சபை அவரை விலக்கியது. 1750இல் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே கிளம்பினார். அப்படித்தான் பூன் குடும்பமும் யாட்கினுக்கு வந்தது.

அவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை ஒன்றைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை வீட்டில் சொல்லிவந்தார்கள். செர்ரி பறிக்கப் போன இடத்தில் ரெபேக்காவின் பக்கத்தில் உட்கார்ந்த டேனியல், கத்தியால் புல்லை வெட்டி விளையாடுவதுபோல் அவளுடைய நல்ல வெள்ளை மேலங்கியைக் கிழித்தாராம். கோபப்படுகிறாளா என்று பார்க்கவே செய்ததாகப் பின்னாளில் அவரே சொன்னாராம். அவள் கோபப்படவில்லை. கல்யாணம் ஆயிற்று. இதைக் காதல் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் துணியை நினைத்துத்தான் மனம் அடித்துக்கொண்டது. அப்படி ஒரு துணி எல்லைப்புறத்தில் எவ்வளவு அரிது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1756 ஆகஸ்ட் 14 அன்று திருமணம். அவளுக்கு 17 வயது. புகுந்த வீட்டில் அவளுக்காக இரண்டு சிறுவர்கள் காத்திருந்தார்கள், டேனியலின் இறந்துபோன அண்ணன் இஸ்ரேலின் பிள்ளைகள். அடுத்த வருடமே ஜேம்ஸ் பிறந்தான். பிறகு 25 வருடத்தில் மொத்தம் 10 பிள்ளைகள். கடைசிப் பையன் நேத்தன் 1781இல் பிறந்தபோது அவளுக்கு 42 வயது. இடையில் தாயை இழந்த உறவுக்குழந்தைகள் ஆறு பேர் வேறு அவள் அடுப்பைச் சேர்ந்தார்கள்.

டேனியலின் தொழில் வேட்டை. இலையுதிர் காலத்தில் கிளம்பி, குளிர்காலம் முழுக்க மான் தோலும் நீர்நாய்த் தோலும் சேர்த்து, வசந்தத்தில் திரும்பி விற்றுக் கடன் அடைக்க வேண்டும். பல வருடங்கள் கடன்தான் மிஞ்சியது. உழவு, மாடு, தோட்டம், நூல் நூற்பது எல்லாம் அவள் கையில். துப்பாக்கியும் சுடுவாள். மகள் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இதுதான். வீட்டில் இருந்தவர்களுக்கு அவள்தான் சோறு போட்டாள்.

1769 மே 1 அன்று டேனியல் ஐந்து பேரோடு கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் போனார். அப்போது ரெபேக்கா கர்ப்பிணி. டிசம்பர் 23 அன்று டேனியல் மார்கன் பிறந்தான். அப்பா திரும்பி வந்தது 1771 வசந்தத்தில். பையனுக்கு அப்போது ஒரு வயது தாண்டி மூன்று மாதம். சேர்த்த தோலையெல்லாம் பூர்வகுடிகள் பறித்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய வேட்டைக்காடு, இனி வராதே என்று எச்சரித்து அனுப்பினார்கள். வெறுங்கையோடு, தாடியோடு வந்தவர் ஒரு வீட்டு விருந்தில் ரெபேக்காவைக் கண்டு, ஆட வருமாறு கை நீட்டினாராம். யாரோ ஒரு பரதேசி என்று நினைத்து அவள் மறுத்தாளாம். "எத்தனையோ தடவை என்னோடு ஆடியிருக்கிறாயே" என்று அவர் சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிந்ததாம். இதுவும் வீட்டுக்கதைதான். ஆனால் கட்டிய கணவனை அடையாளம் தெரியாமல் போகும் அளவுக்கு அந்தப் பிரிவு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தப் பிரிவுகளை ஒட்டி ஊர் வாய் இன்னொன்றும் பேசியது. 1762இல் பிறந்த ஜெமைமா டேனியல் இல்லாதபோது உண்டான குழந்தை, அவருடைய தம்பியின் மகள் என்று. சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். அதன் உண்மையைத் தோண்டுவது என் வேலையில்லை. பத்துப் பிள்ளைகளில் அவருக்கு மிக நெருங்கியிருந்தவள் இந்த ஜெமைமாதான். அது மட்டும் அவர்கள் இருவரின் வாழ்க்கையிலும் தெளிவாகத் தெரிகிறது.

1773 செப்டம்பரில் யாட்கின் வீட்டை விற்றுவிட்டு ஏறத்தாழ 50 பேரோடு கென்டக்கிக்குக் கிளம்பினார்கள். மலைப்பாதையில் வண்டி போகாது. அந்தக் கணவாய் வண்டிக்குத் திறந்ததே 1796இல்தான். எல்லாம் குதிரை முதுகில். ஹிக்கரி மர நாரில் முடைந்த கூடைகளைக் குதிரையின் இரு பக்கமும் தொங்கவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் குழந்தைகளை உட்கார வைப்பார்கள். எடை சரியாக இல்லாவிட்டால் கூடை சாயும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளை ஈடு என்று பார்த்து ஏற்ற வேண்டும். அந்த மே மாதம் பிறந்த ஜெஸ்ஸி கைக்குழந்தை.

வழியில் மாவு போதவில்லை. மூத்தவன் ஜேம்ஸ், வயது 16, சில பேரோடு பின்னால் போய் மாவும் கருவிகளும் வாங்கிக்கொண்டு திரும்பினான். அக்டோபர் 9 இரவு அவர்கள் தங்கிய ஓடைக்கரைக்கும் பெற்றோரின் கூடாரத்துக்கும் நடுவே சுமார் மூன்று மைல்தான். அவ்வளவு பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது. விடியுமுன் டெலவேர், ஷானி, செரோக்கி என்ற பூர்வகுடிகளின் வீரர்கள் அடங்கிய ஒரு கூட்டம் தாக்கியது. ஜேம்ஸும் அவன் நண்பன் ஹென்றி ரஸ்ஸலும் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார்கள். அவர்களோடு இருந்த அடிமை ஆதாம் ஓடைக்கரையில் ஒதுங்கிய மரக்குவியலுக்குள் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தான். அவன் உயிர் தப்பியதால்தான் இது வெளியே தெரிந்தது.

செய்தி வந்தபோது ரெபேக்கா பெட்டியைத் திறந்து லினன் போர்வைகளை எடுத்துக் கொடுத்தாள், பையன்களைச் சுற்றிப் புதைக்க.

இந்த இடத்தில் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. லினன் என்றால் கடையில் வாங்கிய துணி இல்லை. ஆளி விதை விதைத்து, செடியை வேரோடு பிடுங்கி, தண்ணீரிலோ பனியிலோ போட்டுத் தண்டை அழுகவைத்து, காயவைத்து, மரக்கட்டையால் அடித்து, இரும்புச் சீப்பில் நாரைச் சீவி, இழை இழையாக நூற்று, தறியில் நெய்து, வெயிலில் விரித்து வெளுக்க வேண்டும். விதைப்பு தொடங்கி வெளுப்பு முடிய ஒரு வருட வேலை. புது ஊரில் புது வீட்டுக் கட்டிலில் விரிக்க என்று மலைப்பாதையிலும் விடாமல் சுமந்துவந்த துணி. அவள் மைத்துனர் போய் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சுற்றிப் புதைத்துவிட்டு வந்தார். அடுத்த வசந்தத்தில் டேனியல் தனியாக அந்த இடத்துக்குப் போனார். ஓநாய்கள் மண்ணைக் கிளறியிருந்தன. இன்னும் ஆழமாகத் தோண்டி மகனை மறுபடி புதைத்தார். அன்று அவரைப் பிடித்த துயரம்போல் வாழ்நாளில் வேறு எப்போதும் வந்ததில்லை என்று கடைசிவரை சொல்லியிருக்கிறார்.

ரெபேக்காவுக்கு எழுதத் தெரியாது. பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறிதான் போட்டாள். அன்று அவள் என்ன சொன்னாள் என்பது எங்கும் இல்லை. அவள் செய்தது மட்டும் இருக்கிறது.

பயணம் கைவிடப்பட்டது. திரும்பிப் போகவும் வீடு இல்லை, விற்றாயிற்று. கிளின்ச் ஆற்றங்கரையில் வேறொருவரின் குடிசையில் அந்தக் குளிர்காலம் கழிந்தது.

1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற முன்னாள் நீதிபதி செரோக்கித் தலைவர்களிடமிருந்து கென்டக்கியின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கியதாக ஒப்பந்தம் போட்டார். செரோக்கிகளிலேயே டிராகிங் கனூ என்ற இளம் தலைவர் கடுமையாக எதிர்த்தார். அந்தக் காட்டில் வேட்டை உரிமை கொண்டாடிய ஷானி மக்களிடம் யாரும் கேட்கவே இல்லை. அடுத்த இருபது வருட ரத்தம் அங்கிருந்து ஓடத் தொடங்கியது. ஹென்டர்சனுக்காகச் சுமார் 30 பேரை வைத்து மரம் வெட்டிப் பாதை போட்டவர் டேனியல். கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோ கோட்டை எழுந்தது. அந்தக் கோடையில் ரெபேக்காவுக்கு வில்லியம் என்று ஒரு ஆண் குழந்தை பிறந்து, நிலைக்கவில்லை. பச்சை உடம்போடு கிளம்பி செப்டம்பர் 8 அன்று பூன்ஸ்பரோ சேர்ந்தாள். கென்டக்கி ஆற்றங்கரையில் நின்ற முதல் வெள்ளைக்காரப் பெண்கள் ரெபேக்காவும் ஜெமைமாவும்தான் என்று டேனியல் பெருமையாகச் சொல்வார்.

அங்கே ஆளி இல்லை, ஆடும் இல்லை. காட்டுக் காஞ்சொறிச் செடியின் தண்டு குளிர்காலப் பனியில் தானே அழுகி நிற்கும். அதை உரித்து நார் எடுத்து, காட்டெருமை ரோமத்தோடு சேர்த்து நெய்தார்கள். தொட்டால் அரிக்கும் அந்தச் செடியில் துணி இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள் பெண்கள். எந்தப் பாதை வெட்டியதற்கும் குறைந்த காரியமாக எனக்கு இது தெரியவில்லை.

1776 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. 13 வயது ஜெமைமாவுக்குக் காலில் காயம். தண்ணீரில் காலை நனைத்தால் இதமாக இருக்கும் என்று கேலவே வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு படகில் போனாள். படகு எதிர்க்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கரையில் இருந்த ஷானி, செரோக்கி வீரர்கள் மூவரையும் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள். பெண்கள் குதிகாலை அழுத்தி மண்ணில் தடம் பதித்தார்கள், சுள்ளிகளை ஒடித்தார்கள், துணியைக் கிழித்துப் போட்டார்கள். ஜெமைமா குதிரையிலிருந்து வேண்டுமென்றே விழுந்து விழுந்து நேரம் கடத்தினாள். மூன்றாம் நாள் காலை அப்பாவும் ஆட்களும் வந்து மீட்டார்கள். பிடித்துப் போனவர்கள் தங்களைக் கண்ணியமாகவே நடத்தினார்கள் என்று அவள் பிறகு சொன்னாள். மீட்கப் போனவர்களில் ஒருவர் ஃபிளாண்டர்ஸ் கேலவே. அவரைத்தான் ஜெமைமா கல்யாணம் செய்துகொண்டாள்.

1778 பிப்ரவரியில் கோட்டையில் உப்பு தீர்ந்திருந்தது. இறைச்சியைப் பதப்படுத்த உப்பு இல்லாவிட்டால் பட்டினிதான். டேனியல் ஆட்களோடு ப்ளூ லிக்ஸ் உப்பு ஊற்றுக்குப் போனார். பல நூறு கேலன் தண்ணீரைக் காய்ச்சினால்தான் ஒரு புஷல், அதாவது ஒரு பெரிய கூடை அளவு, உப்பு. அங்கே ஷானிகள் சுற்றிவளைத்தார்கள். கோட்டையில் இருக்கும் பெண்கள் மேல் அவர்கள் பாயாமல் இருக்க, தன் ஆட்களைச் சரணடையச் சொன்னார். ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் டேனியலைத் தன் மகனாகத் தத்தெடுத்து ஷெல்டோவீ, பெரிய ஆமை, என்று பெயரிட்டார். போரில் தான் இழந்த மகனின் இடத்தில் வைத்தார். அந்தப் பாசம் நடிப்பில்லை என்று டேனியலே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். ஆனால் கோட்டையைத் தாக்க ஏற்பாடு நடப்பது தெரிந்ததும் ஜூனில் தப்பி ஓடினார். 160 மைல், நான்கு நாள்.

வந்து பார்த்தால் வீடு காலி. ரெபேக்கா அவர் செத்துவிட்டார் என்றே முடிவுக்கு வந்து, பிள்ளைகளைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு யாட்கினுக்கே திரும்பிப் போயிருந்தாள். ஜெமைமா மட்டும் அப்பா வருவார் என்று இருந்தாள். குளிர்ந்துபோன அடுப்பின் முன் அவர் உட்கார்ந்திருந்தபோது, வீடு காலியானதிலிருந்து யார் கண்ணிலும் படாத பழைய பூனை எங்கிருந்தோ வந்து அவர் மடியில் ஏறிப் படுத்ததாக வீட்டில் சொல்வார்கள்.

செப்டம்பரில் முற்றுகை. கோட்டை தாங்கியது. பிறகு சரணடைந்ததற்காக அவர்மேல் இராணுவ விசாரணை வைத்தார்கள். குற்றமில்லை என்று தீர்ந்து பதவி உயர்வும் கொடுத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மனைவியைக் கூப்பிட யாட்கின் போனார். அவள் உடனே வரவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 1779இல்தான் குடும்பம் கென்டக்கி திரும்பியது.

அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது? 1784இல் ஜான் ஃபில்சன் என்பவர் டேனியல் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்வதுபோல் எழுதிப் புத்தகமாகப் போட்டார். ஐரோப்பாவரை அவரைப் பிரபலமாக்கியது அந்தப் புத்தகம்தான். சண்டைகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. குடும்பத்தை மீண்டும் அழைத்துவந்த கதைக்கு ஒரு வரிதான். அதில் இருந்த இடர்களைச் சொன்னால் தனிப் புத்தகமாகும் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. எழுதப்படாத அந்தப் புத்தகத்தைத்தான் நான் படிக்க விரும்புகிறேன். தலைமகனைப் பறித்த காட்டுக்கு, கைக்குழந்தை நிலைக்காமல் போன கையோடு வந்து சேர்ந்த காட்டுக்கு, அவள் மூன்றாம் முறை கிளம்பச் சம்மதித்தது எப்படி? அன்போ, வேறு வழியில்லையோ, இரண்டுமோ.

அவள் பயந்தது நடந்தது. 1782 ஆகஸ்ட் 19, அதே ப்ளூ லிக்ஸ். பொறுங்கள், இது பொறி என்று டேனியல் சொன்னதைக் கேட்காமல் இளைஞர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். சண்டை சில நிமிடம்தான். இரண்டாவது மகன் இஸ்ரேல், 23 வயது, அப்பா பக்கத்திலேயே சுடப்பட்டு விழுந்தான். டேனியல் அவனை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. சில நாள் கழித்துப் போய்ப் புதைத்தார்.

பிறகு நிலம். டேனியல் நிலம் அளப்பவராகவும் வேலை பார்த்தார். எல்லை என்பது மரத்தில் கோடரியால் போட்ட அடையாளம். ஒருவர் அளந்த நிலத்தின் மேலேயே இன்னொருவர் அளந்து பட்டா வாங்குவார். வழக்குமேல் வழக்கு வந்து அவர் கையிலிருந்தது எல்லாம் போயிற்று. 1798இல் சாட்சி சொல்ல வராததற்காக அவர் பெயரில் பிடிவாரண்டு போட்டார்கள். அதே வருடம் கென்டக்கி சட்டமன்றம் ஒரு கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, அவர் பெயரை வைத்தது. அடுத்த வருடம் அவர் ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். கூட்டம் பிடிக்காமல் போனார், கை நீட்ட இடம் கேட்டார் என்று கதை சொல்வார்கள். வழக்குக் கட்டுகள் வேறு காரணம் சொல்கின்றன. அறுபது வயதில் ரெபேக்கா மறுபடியும் சட்டி பானையைக் கட்டினாள்.

மிசூரியில் அவருக்கு வேட்டைத் துணையாக இருந்தவர் டெர்ரி கோபர்ன், மகன் டேனியல் மார்கனின் அடிமை. 1787இலேயே பூன் வீட்டில் ஏழு அடிமைகள் இருந்தார்கள். ரெபேக்காவின் அடுப்புகளைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த அடுப்புகளுக்கு விறகு வெட்டிய கைகள் எல்லாமே அந்தக் குடும்பத்துக் கைகள் அல்ல.

1813 மார்ச். பனி உருகும் காலம். இரவில் உறைந்து பகலில் இளகும் அந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். பட்டையில் துளை போட்டு, குழல் செருகி, தொட்டியில் பிடித்து, இரும்புக் கொப்பரையில் காய்ச்ச வேண்டும். நாற்பது பங்கு சாறு சுண்டினால் ஒரு பங்கு பாகு. சர்க்கரையாக இறுக இன்னும் காய்ச்ச வேண்டும். தீ தணியவும் கூடாது, அடி பிடிக்கவும் கூடாது. பதம் தவறினால் அவ்வளவும் வீண். ராத்திரி பகலாக ஆள் நிற்க வேண்டும். ஜெமைமா வீட்டுப் பக்கம் காட்டில் 74 வயது ரெபேக்கா கொப்பரைப் பக்கம் நின்றாள். அங்கேயே உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஜெமைமாவின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 18 அன்று போய்விட்டாள். ஐம்பத்தாறு வருடத் தாம்பத்தியம்.

அந்த மேட்டில்தான் புதைத்தார்கள். டேனியல் தனக்கும் அங்கேயே இடம் வேண்டும் என்று சொல்லிவைத்து, செர்ரி மரத்தில் சவப்பெட்டி செய்துவைத்துக்கொண்டு, பிள்ளைகள் வீட்டில் மாறி மாறி இருந்தார். 1820 செப்டம்பர் 26 அன்று நேத்தனின் கல் வீட்டில் இறந்தார். வயது 85. சொன்னபடியே அவளோடு சேர்த்தார்கள்.

1845இல் கென்டக்கியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே பிராங்பர்ட் நகரில் புதிதாகக் கல்லறைத் தோட்டம் திறந்திருந்தார்கள், அதற்குப் பெரிய பெயர் ஒன்று தேவைப்பட்டது. இருவர் குழிகளையும் தோண்டி எடுத்துப் போனார்கள். எடுத்தது வேறு யாரையோ, டேனியல் இன்னும் எங்களிடம்தான் என்று மிசூரிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று எடுத்த மண்டையோட்டு அச்சை 1983இல் பார்த்த தடயவியல் நிபுணர் ஒருவர், அது கறுப்பினத்தவருடையதாக இருக்கலாம் என்று சொல்லி அந்த வழக்கைக் கிளறிவிட்டார். அடிமைகளும் அதே மேட்டில் புதைக்கப்பட்டவர்கள்தான், அவர்கள் கற்களில் பெயர் இல்லை.

இரண்டு மாநிலமும் சண்டை போடுவது அவருடைய எலும்புக்கு. தோண்டியபோது பெரிய எலும்புகளைத்தான் எடுக்க முடிந்தது, சிறியவை மண்ணோடு மண்ணாக உதிர்ந்து குழியிலேயே தங்கிவிட்டன என்று படித்தேன். அதைப் படித்த பிறகு நான்காம் முறை போனேன். பிப்ரவரி கடைசி, புல்லின் மேல் பனித்துகள் இருந்தது. ரெபேக்காவின் விரல்கள் அங்கேதான் இருக்கின்றன. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.